கதிரை அளக்கிற உத்தியோகம்

வைத்தியம் செய்கிறவர்களுக்குக் கைராசி இருக்கலாம். அளக்கிறவர்களுக்கு அது இருக்கவே கூடாது. யார் அளந்தாலும், எந்தக் கிழமையில் அளந்தாலும், வீட்டில் சண்டை பிடித்துவிட்டு வந்து அளந்தாலும் அதே அளவுதான் வர வேண்டும். தராசு, மீற்றர், வெப்பமானி என்று எதையாவது கையில் பிடித்துக்கொண்டு காலம் தள்ளுகிற என் இனத்தவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம். எங்கள்மேல் கொஞ்சம் இரக்கமாவது வரும்.

என்ன வேலை?

மட்டக்களப்பு வாவியைப் பார்த்தபடி இருக்கும் ஒரு புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவில் நான் மருத்துவ பௌதிகவியலாளர். எங்கள் சனம் கதிர்வீச்சுச் சிகிச்சையைக் 'கரண்ட் பிடிக்கிறது' என்று சொல்லும். மெஷினிலிருந்து வருகிற கதிர் டொக்டர் சொன்ன அளவுக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. கூடினால் நல்ல சதை வெந்துபோகும். குறைந்தால் கட்டி தப்பிவிடும்.

ஒருநாள் ஆரையம்பதியில் பஸ் ஏறி வேலைக்குப் போகும்போது, பக்கத்து வளவு மாமி என் அருகில் வந்து இருந்தார். "உனக்கு என்ன வேலை புள்ள?" என்று கேட்டார். விளக்கமாகச் சொல்ல பஸ்ஸின் இரைச்சல் விடவில்லை. "கதிரை அளக்கிறன் மாமி" என்று சுருக்கமாகச் சொல்லி முடித்தேன். மாமியின் முகம் வாடிப்போயிற்று. நாங்கள் ஏறி இருக்கிற ஆசனத்துக்கும் எங்கள் ஊரில் கதிரை என்றுதான் பெயர் என்பது எனக்கு அப்போது ஓடவில்லை. டவுணில் இறங்கும்போது மாமி என் கையைத் தடவிச் சொன்னார்: "கம்பஸெல்லாம் படிச்சிப்போட்டு, தளபாடக் கடையிலயா புள்ள வேலை கிடைச்ச?"

பழைய மெஷினின் புது வேலை

எங்கள் பிரிவுக்குப் புது மெஷின் வந்தபோது, பழையது இரும்புக்குப் போவதாக இருந்தது. கம்பஸ் விரிவுரையாளர்கள் சிலரும் நாங்களும் சேர்ந்து கேட்டு, அதை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொண்டோம். அதன் தலைக்குள் இருக்கும் சில பாகங்களைக் கழற்றிவிட்டால் அது கதிரை மிக மிக வேகமாகக் கொட்டும். கழற்றியவர் எங்கள் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் டெரன்ஸ் அண்ணன். டவுணில் பிறந்து வளர்ந்த பறங்கியர். ஒரு மெஷினைக் காட்டினால் முதலில் அதன் வயதைக் கேட்பார். மறுகா அதன் குணத்தைக் கேட்பார்.

வேகம் எதற்கு என்று கேட்பீர்கள். வழக்கமான சிகிச்சையில் ஒரு நாளைக்குரிய கதிரைச் சில நிமிடங்களில் கொடுப்போம். அப்படி வாரக்கணக்காகக் கொடுப்போம். அதே கதிரைக் கண் இமைக்கும் நேரத்துக்குள் கொட்டினால் கட்டி அதேயளவு சாகிறது, சுற்றியுள்ள நல்ல சதைக்குப் பாதிப்புக் குறைகிறது என்று வெளிநாட்டு ஆய்வுகூடங்களில் விலங்குகளில் கண்டிருக்கிறார்கள். ஏன் அப்படி நடக்கிறது என்று இன்னும் யாருக்கும் முழுதாகத் தெரியாது. எங்களுக்கு முன் இருந்த கேள்வி அதைவிடச் சின்னது: அத்தனை வேகத்தில் வருவதைச் சரியாக அளப்பது எப்படி? மெதுவான மெஷினில் ஏதும் பிழைத்தால் நடுவில் நிறுத்தலாம். டெரன்ஸ் அண்ணன் ஆணியை இறுக்கிக்கொண்டே சொன்னார்: "இதுக்குப் 'பொறு' எண்டு சொல்ல நேரம் கிடைக்காது மிஸ். நாம வாயத் திறக்கக்குள்ள அது வேலைய முடிச்சிரும்."

விரல் நீளமில்லாத மீன்

ஆராய்ச்சியின் மற்றப் பாதி றிஸ்மியாவுடையது. ஓட்டமாவடிப் பெண். கம்பஸில் விலங்கியல் படிப்பித்துக்கொண்டே கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கும் வரிவரியான சிறு மீன்களின் முட்டைகளை எடுத்து, ஒரு பாதிக்கு மெதுவாகவும் மறுபாதிக்கு வேகமாகவும் கதிர் கொடுப்பாள். குஞ்சுகள் வெளியே வந்ததும் முதுகு நேராக இருக்கிறதா, வளைந்திருக்கிறதா என்று நுணுக்குக்காட்டியில் பார்ப்பாள். இரண்டு பாதிக்கும் கொடுத்த அளவு ஒன்றாக இருந்தால்தான் அந்த ஒப்பீட்டுக்கு அர்த்தம் உண்டு.

இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை என் சித்தப்பாவுக்குச் சொன்னேன். அவர் வாவியில் வலை வீசுகிறவர். மீன் என்றதும் வலையைக் கீழே வைத்துவிட்டு ஆர்வமாகக் கேட்டார். என்ன மீன், எவ்வளவு நீளம் என்றார். நான் விரலைக் காட்டி, அதில் பாதியையும் காட்டினேன். சித்தப்பா வலையைத் திரும்பக் கையில் எடுத்தார். "இந்தப் பெரிய வாவி முன்னால இரிக்கக்குள்ள, கறிக்கும் உதவாத மீனப் புடிச்சிக் கரண்ட் குடுக்கிறீங்களா?"

ஒரேயடியாக ஏறும் கூட்டம்

கதிரை அளக்க எங்களிடம் இருந்தது சேம்பர். சிறுவிரல் பருமனில் ஒரு குழாய். உள்ளே கொஞ்சம் காற்று. கதிர் பட்டதும் அந்தக் காற்றில் மின்துகள்கள் பிறக்கும். சேம்பர் அவற்றை இழுத்துச் சேர்த்து, இவ்வளவு கதிர் வந்தது என்று சொல்லும். கதிர் மெதுவாக வந்தால் கணக்குத் தப்பாது. ஒரேயடியாக வந்தால், சேர்த்து முடிப்பதற்குள் துகள்களில் பல ஒன்றோடொன்று ஒட்டி மறைந்துவிடும். சேம்பர் குறைத்துச் சொல்லும். மறைந்தது எவ்வளவு என்று கணித்துக் கூட்டிக்கொள்ள ஒரு சூத்திரம் உண்டு. அந்தச் சூத்திரம் சாதாரண மெஷின்களுக்கென்று எழுதப்பட்டது. இந்த வேகத்தில் அது எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதில்தான் சந்தேகம்.

றிஸ்மியாவுக்கு இதை ஒரு தடவை சொன்னதுமே விளங்கிவிட்டது. தினமும் பஸ்ஸில் இடிபட்டு வருகிறவள் அல்லவா. "எங்கட ஊர்க் கண்டக்டர் மாதிரித்தான் மிஸ். ஒவ்வொராளா ஏறினா எல்லாருக்கும் டிக்கட் குடுப்பார். ஜும்மா முடிஞ்சி எல்லாரும் ஒரேயடியா ஏறினா, எட்டிப் பாத்திட்டு 'ஒரு நூறு பேர் இரிக்கும்' எண்டுவார்."

வெக்கை

ஒரே ஒரு அளவியை நம்பக் கூடாது. எனவே வேகத்தால் ஏமாறாத இன்னொரு வழியைத் தேடினோம். கதிர் விழுந்த பொருள் மிகமிகச் சிறிதளவு சூடாகும்; அந்தச் சூட்டை அளந்தால் கதிரின் அளவு தெரிந்துவிடும். டெரன்ஸ் அண்ணன் ஒரு காபன் துண்டை எடுத்து, நுண்ணிய வெப்ப உணரி ஒன்றை அதற்குள் செருகி, பஞ்சும் ரெஜிபோம் நுரைப் பலகையுமாகச் சுற்றிக் கட்டினார். நாங்கள் தேடியது ஒரு பாகையில் ஆயிரத்தில் சில பங்கு. அறையில் ஆள் நடந்தால் வாசிப்பு ஏறும். ஏசி மூச்சுவிட்டால் இறங்கும். எல்லாம் அடங்கி வாசிப்பு அசையாமல் நிற்கும் நேரம் பார்த்து, தரை துடைக்கிற செல்வி அக்கா கதவைத் திறந்தார். வெளியே மட்டக்களப்பின் நடுப்பகல். திரையில் கோடு மேலே போன வேகத்தைப் பார்த்து டெரன்ஸ் அண்ணன் தலையில் கை வைத்தார். விசயத்தைக் கேட்டறிந்த செல்வி அக்கா, சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இந்த ஊரில சூட்டத் தேடியா மிஸ் மெஷின் வச்சிரிக்கீங்க?"

நல்ல செய்தி

அந்த முயற்சியைக் கைவிட்டுப் பிலிமுக்கு வந்தோம். மஞ்சள் நிறத் தாள் போன்ற பிலிம். கதிர் பட்ட இடம் கருமையாகும். கதிர் வேகமாக வந்ததா மெதுவாக வந்ததா என்று அது பார்ப்பதில்லை. ஆனால் பட்ட உடனே வாசிக்க முடியாது. நிறம் அடங்க ஒரு நாள் விட வேண்டும். கைரேகை படக் கூடாது, ஈரம் படக் கூடாது. வாவியோரத்தில் ஈரம் படாமல் ஒரு பொருளை வைத்திருப்பது எப்படி என்று கேட்காதீர்கள்.

முதல் தொகுதி மீன்குஞ்சுகளின் முடிவு வந்த காலையை நான் மறக்கமாட்டேன். றிஸ்மியா படியில் ஓடி வந்தாள். வேகமாகக் கதிர் பெற்ற குஞ்சுகளில் அநேகம் முதுகு நேராக நீந்துகின்றன. மெதுவாகப் பெற்றவை வளைந்து கிடக்கின்றன. வெளிநாட்டில் கண்டது எங்கள் பழைய மெஷினிலும் நடந்துவிட்டது! டெரன்ஸ் அண்ணன் கலியாண வீட்டில் ஆடுகிற மாதிரி கதவடியில் நின்று இரண்டு அடி ஆடினார். றிஸ்மியா வாப்பாவுக்குப் போன் எடுத்துச் சிரித்துச் சிரித்து அழுதாள்.

என் கையில், முதல்நாள் அதே வேகத்தில் கதிர் கொடுத்து வைத்த பிலிம் இருந்தது. சூத்திரத்தோடு சேர்த்துச் சேம்பர் பத்து அலகு என்று சொன்ன இடத்தில், பிலிம் எட்டரை என்று சொன்னது. பிலிம் சரியென்றால், வேகமாகப் பெற்ற குஞ்சுகளுக்கு நாங்கள் நினைத்ததைவிடக் குறைவாகத்தான் போயிருக்கிறது. பிலிம் ஈரம் குடித்திருக்கும் என்றார் டெரன்ஸ் அண்ணன். அப்படியும் இருக்கலாம் என்று நானும்தான் நினைக்க விரும்பினேன். றிஸ்மியா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "சேம்பர் கப்பல்ல வந்த சாமான் மிஸ். இது நீங்க கத்தரிக்கோலால வெட்டின துண்டு. எத நம்பச் சொல்றீங்க?"

குளிசை

இரண்டு சாட்சிகள் முரண்பட்டால் மூன்றாவது ஒன்று வேண்டும். அலனைன் என்ற பொருளில் செய்த சிறு வில்லைகள் இருக்கின்றன. கதிர் பட்டால் அவற்றுக்குள் ஒரு மாற்றம் உண்டாகி அப்படியே தங்கிவிடும். அதைப் படிக்கிற கருவி வெளிநாட்டில்தான் இருந்தது. அதே மெஷினில் அதே வேகத்தில் கதிர் கொடுத்து, வில்லைகளைப் பொதி செய்துகொண்டு கூரியர் கடைக்குப் போனேன்.

கவுண்டரில் இருந்தவர் பொதியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அச்சொட்டாக மருந்துக் குளிசை மாதிரித்தான் இருக்கும். மருந்தா என்றார், இல்லை என்றேன். ஆருக்கு வருத்தம், என்ன நோய் என்றார். ஒருவருக்கும் இல்லை, ஒரு மெஷின் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க என்றேன். நான் கொண்டுபோன விளக்கத்தையெல்லாம் பொறுமையாகக் கேட்டுப் பொதியை ஏற்றுக்கொண்டவர், கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "மெஷினுக்குக் குளிசை குடுத்தா, மனிசருக்கு என்னத்தக் குடுக்கிறீங்க மிஸ்?"

வராமல் போனவர்

பெயரை மாற்றித் தம்பிப்பிள்ளை ஐயா என்று வைத்துக்கொள்கிறேன். கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வெள்ளாமைக்காரர். தொண்டையில் சிறு கட்டி. ஆரம்பத்திலேயே பிடிபட்டதால், கரண்ட் பிடிப்பதை ஒழுங்காக முடித்தால் நல்ல சுகம் வரும் என்று டொக்டர் நம்பிக்கையாகச் சொல்லியிருந்தார். புது மெஷினில் பாதிக்குமேல் முடிந்திருந்தது. இந்தக் கட்டத்தில்தான் தொண்டை புண்ணாகும், குரல் அடைக்கும், எச்சில் விழுங்குவதே வேலையாகிவிடும்.

மீன்குஞ்சுகள் நீந்திய அன்று டெரன்ஸ் அண்ணன் கன்டீனில் அவரைக் கண்டிருக்கிறார். ஆறின பிளேன்ரீ ஒன்றை வாங்கிக் கொடுத்து, சந்தோசத்தில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும், நல்ல சதை புண்ணாகாது, எல்லாம் இங்கேயே, இந்தக் கட்டடத்திலேயே. அதற்குப் பின் வந்த நாட்களில் தம்பிப்பிள்ளை ஐயாவின் நேரத்துக்கு மேசை வெறுமையாகக் கிடந்தது. வயல் வெட்டுக் காலம், அதனால்தான் வரவில்லை என்று நினைத்துப் போன் எடுத்தேன். மனைவி எடுத்தார். "வெட்டெல்லாம் மெஷின்தான் மிஸ் வெட்டுது. இவர் சும்மாதான் இரிக்கார். உங்கட அந்தச் சுறுக்கு மெஷின் வந்தாப் பிறகு வாறாராம்."

எட்டரை

வில்லைகளின் முடிவு மின்னஞ்சலில் வந்தது. எட்டரை. பிலிமில் ஈரம் இல்லை. சூத்திரம்தான் அளவுக்கு மிஞ்சிக் கூட்டியிருந்தது. கப்பலில் வந்த சேம்பரும் பாவம், அதற்குத் தெரிந்ததை அது சொன்னது. மெதுவாகக் கதிர் பெற்ற குஞ்சுகளுக்குப் பத்து. வேகமாகப் பெற்றவற்றுக்கு எட்டரை. குறைவாகப் பெற்றவை நன்றாக நீந்தியதில் அதிசயம் ஒன்றுமில்லை.

றிஸ்மியாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். சுற்றி வளைக்கத் தெரியவில்லை, எண்ணைத்தான் காட்டினேன். வாசித்துவிட்டு எழுந்துபோய்க் கண்ணாடித் தட்டுகளைக் கழுவத் தொடங்கினாள். கழுவிய தட்டையே திரும்பவும் கழுவினாள். மாதக்கணக்கான உழைப்பு. நானும் ஒரு துணியை எடுத்துத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். தண்ணீரை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "குஞ்சுகள் சும்மா நீந்திச்சிகள் மிஸ். காரணம் கண்டுபிடிச்ச நான்தான்."

வட்டையில் ஒரு பின்னேரம்

தம்பிப்பிள்ளை ஐயாவிடம் டொக்டரும் போனில் பேசிப் பார்த்தார், ஆள் அசையவில்லை. கதை எங்கள் பக்கத்திலிருந்து போனது, நாங்களே நேரில் போய்ச் சொன்னால் கேட்பார் என்று டொக்டர் சொன்னார். டெரன்ஸ் அண்ணன் தன் வான் வண்டியை எடுத்தார். றிஸ்மியாவும் ஏறினாள். நீ ஏன் என்று கேட்டேன். "மீன் என்ட மீன் மிஸ்" என்றாள். மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்து போனோம்.

வட்டை வயலில் நெல் வெட்டு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வரம்போரம் மருத மர நிழலில், கழுத்தில் துண்டைச் சுற்றியபடி அவர் இருந்தார். துண்டுக்குக் கீழே தோல் கறுத்துக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் என்னை மிஸ் என்று கூப்பிடுகிறவர், தன் வயலில் இருந்துகொண்டு, "வா புள்ள. மெஷின் ரெடியா?" என்று கேட்டார். அடைத்த குரலில் அத்தனை ஆவல். டெரன்ஸ் அண்ணன் வானைவிட்டு இறங்கவில்லை.

றிஸ்மியா அவருக்கு எதிரே வரம்பில் குந்தினாள். "ஐயா, குஞ்சுகள் நல்லா நீந்தினது உண்மைதான். ஆனா அதுகளுக்கு நாங்க நினைச்ச அளவு போகல்ல. குறைச்சிக் குடுத்திட்டுப் பாதிப்புக் குறைவெண்டு சந்தோசப்பட்டிரிக்கம். இண்டைக்குத்தான் தெரிஞ்ச." அவர் கணக்குப் போட்டுக் கேட்டார்: "அப்ப எனக்கு அடிச்சிருந்தா, கட்டிக்கும் குறைச்சலாத்தானே போயிரிக்கும்?" ஓம் என்றாள். இது மனிதருக்குக் கொடுக்கிற நிலைக்கு வரவே இல்லை, எப்போது வரும் என்றும் எங்களுக்குத் தெரியாது என்று நான் சொன்னேன். விட்ட ஒவ்வொரு நாளும் கட்டிக்குத்தான் வாய்ப்பு என்றும் சொன்னேன். அவர் துண்டை அவிழ்த்து மடியில் வைத்தார். "நோவு புள்ள. பச்சத் தண்ணி குடிச்சாலும் நெருப்பு இறங்கிற மாதிரி. அந்த மெஷினில நோவு இல்லையெண்டு அந்தா வானில இரிக்கிறவர்தான் சொன்னார். அத நம்பி இருந்திட்டன்." நோவுக்கு மருந்து கூட்டித் தரலாம், சோறு இறங்க வழி பார்க்கலாம், இதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னால்தானே தெரியும் என்றேன்.

வான் கதவு திறந்த சத்தம் கேட்டது. டெரன்ஸ் அண்ணன் வந்து நின்றார். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார். "ஐயா, மீனுக்கு நடந்தத உங்களுக்கு நடக்கப்போற மாதிரிச் சொல்லிப்போட்டன். பிழை என்னில." தம்பிப்பிள்ளை ஐயா அவரைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பார்த்தது றிஸ்மியாவை. "நீயும் அத நம்பித்தானே புள்ள இருந்த?" என்று கேட்டார். அவள் தலையை ஆட்டினாள், கண் கலங்கிவிட்டது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "அப்ப ரெண்டு பேரும் நாளைக்கு வேலைக்குப் போவம். நீ மீனப் பாரு, நான் மெஷினில படுக்கிறன்."

உண்மையான சின்னது

சொன்னபடி அடுத்த நாள் வந்தார். விட்ட நாட்களை ஈடு செய்ய டொக்டரும் நானும் திட்டத்தைத் திருத்தி எழுதினோம். நோவுக்கு மருந்து மாற்றினார்கள். அவர் மேசையில் ஏறும் ஒவ்வொரு காலையும் டெரன்ஸ் அண்ணன் எங்காவது ஒரு ஆணியை இறுக்கிற சாட்டில் கதவடியில் நிற்பார். சிகிச்சை முடிந்தது. சில மாதங்கள் கழித்துக் குழாய் விட்டுப் பார்த்த டொக்டர், கட்டி இருந்த இடம் தெரியவில்லை, இனித் தவணைக்கு வந்து காட்டினால் சரி என்றார். ஐயாவின் குரல் இன்னும் கொஞ்சம் கரகரப்புத்தான். அந்தக் குரலோடு அவர் வயலில் ஆட்களை ஏவுவது நன்றாகக் கேட்கிறதாம், மனைவி சொன்னார்.

றிஸ்மியா முதலிலிருந்து தொடங்கினாள். இம்முறை சேம்பரைத் துணைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பிலிமையும் வில்லைகளையும் வைத்து அளவைச் சரிசெய்தோம். இரண்டு பாதிக்கும் ஒரே அளவு போகிறது என்று நிச்சயமான பிறகுதான் முட்டைத் தட்டை உள்ளே வைத்தோம். முடிவு வந்தபோது அவள் படியில் ஓடிவரவில்லை, நடந்து வந்தாள். வேகமாகப் பெற்ற குஞ்சுகள் கொஞ்சம் நன்றாக இருந்தன. முந்திக் கண்டதுபோல இல்லை, கொஞ்சம்தான். இன்னும் பல தடவை செய்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும், ஒருவேளை அதுவும் கரைந்துபோகலாம் என்று நான் எச்சரித்தேன். அவள் தட்டை வெளிச்சத்தில் பிடித்து, நீந்துகிறவற்றைப் பார்த்தாள். "பரவால்ல மிஸ். சின்னதுதான். ஆனா இது உண்மையான சின்னது."

எங்கள் தொழிலில் நல்ல நாள் என்றால், மூன்று அளவிகளும் ஒன்றையே சொல்லி, மூன்றும் கூட்டுச் சேர்ந்து பொய் சொல்லியிருக்காது என்று ஓரளவு நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போகிற நாள்தான்.